பக்கம் நாற்பத்திரண்டும் ஒரு குரங்குக் குல்லாவும்

ஆக்லாந்தில் ஆகஸ்டு மாதம் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் ஓடுவதில் பயனில்லை. வீடு வெளியைவிடக் குளிராக இருக்கும். மரத்தால் கட்டிய அழகான வீடுகள்தான். ஆனால் காற்று ஒரு சுவர் வழியாக வந்து, நம்மை நலம் விசாரித்துவிட்டு, எதிர்ச்சுவர் வழியாகப் போய்விடும். நான் மனைவியின் சொல்லை மதித்துக் கொண்டுபோன ஒரே பொருள் குரங்குக் குல்லா. காது, கழுத்து, மோவாய் எல்லாவற்றையும் மூடி, முகத்தில் கடன் கேட்க மட்டும் இடம் விடுகிற அந்தப் பழுப்பு நிறக் கம்பளிக் குல்லா. விமான நிலையத்தில் அதோடு இறங்கியபோது சுங்க அதிகாரி என்னைவிட என் தலையை அதிக நேரம் பார்த்தார்.

இது எண்பத்தொன்பதில். சிறுவர்களுக்கு எழுதுகிறவர்களுக்கு மூன்று நாள் பயிலரங்கு என்று அழைத்திருந்தார்கள். உண்மையில் நான் வாரப் பத்திரிகையில் பல்வலி, தண்ணீர் லாரி, வீட்டுச் சொந்தக்காரர் ஆகியவற்றைப் பற்றி எழுதுகிறவன். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பதிப்பாளரிடம் பன்னிரண்டு டைனோசர் படங்கள் அச்சுக்கு பிளாக் செய்து வீணாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் போட எழுத்து வேண்டும் என்றார். நூலகத்தில் இரண்டு பழைய ஆங்கிலப் புத்தகங்களை வைத்துக்கொண்டு மூன்று வாரத்தில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து யாரோ என்னைச் சிறுவர் அறிவியல் எழுத்தாளன் என்று நம்பிவிட்டார்கள். நம்புகிறவர்களைத் திருத்துவது என் வழக்கமில்லை.

அந்தப் புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 'டைனோசர்கள் குளிர் ரத்தப் பிராணிகள். சூரியன் இருந்தால் நடந்தன, இல்லாவிட்டால் படுத்தன. ஒரு நாள் குளிர் வந்தது. எல்லாம் மாண்டன.' எழுதியபோது கம்பீரமாகத்தான் இருந்தது.

தங்கியது லின்ஃபீல்டில், ஞானசேகரம் வீட்டில். சென்னையில் கல்லூரி விடுதியில் நானும் அவனும் மூன்று வருடம் ஒரே அறை. படித்து முடித்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி, பதினேழு வருடம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் கற்பித்தவன். ஊர் இருக்க முடியாததாகிவிட, மனைவி ரஞ்சியையும் மகள் துளசியையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து மூன்று வருடம். இப்போது புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரித்து மூட்டை கட்டும் கொட்டகையில் வேலை. விடிவதற்கு முன் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். மாலையில் அவன் கதவைத் திறப்பதற்கு முன்னால் வெங்காய வாசனை உள்ளே வந்துவிடும்.

முதல் மூன்று நாட்களும் பயிலரங்கில் போயின. காலை பத்து மணிக்கு ஒரு தேநீர், பத்தே முக்காலுக்கு அதைப் பற்றிய விவாதம். வெள்ளிக்கிழமை மாலை நான் திரும்பியபோது வீடு வேறு மாதிரி இருந்தது. ஞானம் மேசையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தான். ஆறு பென்சில்கள் ஏற்கெனவே சீவியாகிவிட்டன.

ரஞ்சிதான் விஷயத்தைச் சொன்னாள். "மவுண்ட் ஆல்பர்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலையிருந்து போன் வந்தது அண்ணை. திங்கட்கிழமை வந்து ஒரு பாடம் எடுத்துக் காட்டட்டாம். அதிபர் அம்மா பின்னாலையிருந்து பாப்பாவாம். பிடிச்சா மூண்டாம் தவணைக்கு எடுப்பினம்."

"நல்லதாப் போச்சே" என்றேன். அவர்கள் அதிபர் என்பது தலைமையாசிரியரை, தவணை என்பது பள்ளிப் பருவத்தை.

"மூண்டு வருசத்திலை எத்தினை பள்ளிக்கூடத்துக்கு எழுதினவர். பாடம் எடுத்துக் காட்டுங்கோ எண்டு கேட்டது இதுதான் முதல்தரம். இதுவும் சரிவராட்டி இனி எழுதமாட்டன் எண்டுறார். ஒருக்காச் சொன்னா மாறாத மனிசன், உங்களுக்குத் தெரியுந்தானே."

எனக்குத் தெரியும். விடுதியில் ஒரு நாள் ரசம் சரியில்லை என்று இனி ரசமே வேண்டாம் என்றவன், மூன்று வருடமும் மோர் ஊற்றித்தான் சாப்பிட்டான்.

"என்ன பாடம்?" என்றேன்.

ஞானம் பென்சிலைக் கீழே வைத்தான். "கடுமையான காலநிலையை டைனோசர்கள் எப்பிடிச் சமாளிச்சிருக்கும் எண்டு. அந்த வகுப்புப் பிள்ளையள் இந்தத் தவணை முழுக்க டைனோசர்தானாம். மச்சான், கடவுள் உன்னை ஏன் இஞ்ச அனுப்பினவர் எண்டு இப்பதான் விளங்குது."

பெட்டியிலிருந்து என் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒரு எழுத்தாளன் தன் புத்தகம் ஒருவனுக்கு உண்மையாகவே பயன்படுவதைப் பார்க்கிற வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குள் அவன் பதினொரு பக்கம் குறிப்பு எழுதிவிட்டான். நாற்பத்திரண்டாம் பக்கம் அப்படியே ஆங்கிலத்தில் போயிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை. நான் அதிபர். பத்து வயதுத் துளசி, மொத்த வகுப்பு. "தலைப்பு. அடிக்கோடு. ஒன்று..." என்று ஞானம் சொல்லச் சொல்ல அவள் எழுத வேண்டும். நாலாவது வரியில் கையைத் தூக்கினாள்.

"கேள்வி எல்லாம் கடைசியிலை" என்றான் அப்பா.

துளசிக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். "கடைசியில் மணி அடித்துவிடும், அப்பா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நாங்கள் எப்போது பேசுவோம்?" என்றாள்.

நாங்கள் இருவரும் சிரித்தோம். பாடம் நடக்கும்போது பிள்ளைகள் பேசுவதா? ஊசி விழுந்தால் கேட்க வேண்டும். அதுதான் நல்ல வகுப்பு என்பதில் யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் கருத்து வேற்றுமை இருந்ததில்லை.

சனிக்கிழமை நான் தனியாக மியூசியம் பார்க்கப் போனேன். பஸ்ஸில் ஒரு விசித்திரம் கண்டேன். இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொன்னார்கள். நம் ஊரிலும் சொல்வோம், இறங்க முடிந்ததற்காகக் கடவுளுக்கு. ஏறியபோது வெயில், பாதி வழியில் மழை, இறங்கியபோது வெயில், படியேறும்போது மறுபடி மழை. குடையைத் திறந்தால் காற்று அதைப் பூவாக மலர்த்திவிட்டுப் போனது. ஊர்க்காரர்கள் யாரும் குடை வைத்திருக்கவில்லை. நனைந்தார்கள், காய்ந்தார்கள், வேலையைப் பார்த்தார்கள்.

உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டியில், பாடம் செய்து வைத்த ஒரு பிராணி. நம் ஓணானுக்கு ஓய்வூதியம் வாங்கும் வயதில் ஓர் அண்ணன் இருந்தால் அப்படித்தான் இருப்பார். துவாட்டரா என்று பெயர். நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு காவலர் ஒருவர் பக்கத்தில் வந்தார். வெள்ளை மீசை, சாவிக்கொத்து, பேச ஆள் கிடைக்காத முகம்.

"பல்லி இல்லை அது. டைனோசர் காலத்துக் கூட்டத்தில் மிச்சம்" என்றார்.

"பாவம், இந்தக் குளிரில் எப்படி இருக்கும்?" என்றேன், துறை நிபுணன் என்ற முறையில்.

"குளிர்தான் அதற்குப் பிடிக்கும். நீங்களும் நானும் நடுங்குகிற நேரத்தில் அது வெளியே வந்து பூச்சி பிடிக்கும். வெயில்தான் ஆகாது. உங்கள் ஊருக்குக் கொண்டுபோனால் ஒரு வாரம் தாங்காது."

எனக்கு நாற்பத்திரண்டாம் பக்கம் லேசாக ஆடுவது போல இருந்தது. "ஆனால் டைனோசர்கள்..." என்று ஆரம்பித்தேன்.

"இந்த மண்ணிலும் இருந்திருக்கின்றன, தெரியுமா? எலும்பு கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் இந்த நிலம் தென் துருவத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. மாதக்கணக்கில் சூரியனே வராத குளிர்காலம்."

"அதில் எப்படி உயிரோடு இருந்தன?"

"அதுதான் யாருக்கும் சரியாகத் தெரியாது. நடந்து போய்விட்டன என்கிறார் ஒருவர். இங்கேயே இருந்தன என்கிறார் இன்னொருவர். ரத்தம் சூடா குளிரா என்பதிலேயே இன்னும் சண்டை ஓயவில்லை."

சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். நான் துவாட்டராவைப் பார்த்தேன். அது என் புத்தகத்தைப் படித்துவிட்டது போலப் பார்த்தது.

திரும்பும்போது யோசனையில் வேறு பஸ்ஸில் ஏறி மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்துப் பக்கம் போய் இறங்கினேன். மூலையில் ஒரு டெய்ரி. பால், பத்திரிகை, தீப்பெட்டி, சூடான பை எல்லாம் விற்கிற சின்னக் கடையை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பை என்றால் மாவு உறைக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம்; ஒன்றை வாங்கிக் கடித்தேன். ஆக்லாந்தில் சூடாக இருந்த ஒரே இடம் அதன் வயிறுதான், நாக்கு வெந்துவிட்டது. எதிரே நாலு பிள்ளைகள் அந்த மழையில் செருப்பில்லாமல் நடந்து போனார்கள். ஏழைப் பிள்ளைகள் என்று மனம் இளகினேன். கடைக்காரப் பெண் சொன்னாள்: "செருப்பு வீட்டில் இருக்கும். போடச் சொன்னால் போடாதுகள்." இரண்டு கம்பளிச் சட்டையும் குல்லாவுமாக நான் நின்ற இடத்தில், வெறுங்காலோடு ஒருத்தி ஐஸ் மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை ஞானத்திடம் சொல்லவில்லை. அவன் பதினொரு பக்கத்தையும் மனப்பாடம் செய்து முடித்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டு, "குளிர் வந்தது. எல்லாம் மாண்டன" என்று ஆங்கிலத்தில் முடித்தபோது, எனக்கே ஒரு கணம் அது உண்மையாக இருக்கக்கூடாதா என்று தோன்றியது.

ஞாயிறு மதியம், ரஞ்சி ஆட்டிறைச்சிக் கறியும் பிட்டும் வைத்தபோது சொல்லிவிட்டேன். நல்ல சாப்பாட்டுக்கு நடுவில் யாரும் எழுந்து அடிப்பதில்லை என்பது என் நம்பிக்கை.

"டேய் ஞானம், அந்த நாற்பத்திரண்டாம் பக்கம் தப்புடா."

"அச்சுப் பிழையோ?"

"இல்ல. மொத்தமும்."

காவலர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவன் பிட்டைப் பிசைவதை நிறுத்தினான்.

"அப்ப குளிருக்கை எப்பிடி இருந்ததுகளாம்?"

"யாருக்கும் சரியாத் தெரியாதாம்."

"யாருக்கும் தெரியாததை நான் நாளைக்கு என்னெண்டு படிப்பிக்கிறது?"

"முன்னால் பத்துப் பக்கம் இருக்கே..."

"அந்தப் பத்தும் இதிலை கொண்டுபோய் விடத்தானே மச்சான் இருக்கு." கோபப்படவில்லை. அது இன்னும் மோசம். "உன்ரை புத்தகம் ஊரிலை எத்தினை பிள்ளையளின்ரை கையிலை கிடக்கு?"

"அவ்வளவா விக்கலடா."

"அது ஒரு நல்ல காரியம்" என்றாள் ரஞ்சி, எனக்கு இன்னொரு துண்டு இறைச்சி வைத்துக்கொண்டே.

மாலை முழுவதும் அவன் கடைசிப் பக்கத்தை எழுதினான், கிழித்தான். முடிவில் புதிதாக ஒன்றும் எழுதாமல் படுக்கப் போனான்.

திங்கட்கிழமை வானம் தகரம் போல இருந்தது. கொட்டகைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, டை கட்டி, பக்கத்து வீட்டுக்காரரின் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனான். அதிபர் உயரமான பெண்மணி. நான் எழுத்தாளன் என்றதும் பின்னால் ஒரு நாற்காலி காட்டினார்.

வகுப்பைப் பார்த்ததும் ஞானத்தின் முகம் மாறியது. பெஞ்சு வரிசை இல்லை. இருபத்தைந்து முப்பது பிள்ளைகள் கம்பளத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்குச் செருப்பு இல்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள், அந்த மண்ணின் பூர்வகுடிகளான மவோரிப் பிள்ளைகள், பசிபிக் தீவுப் பிள்ளைகள், ஒரு சீனப் பையன். அதிபர் மடியில் நோட்டை விரித்தார்.

"குறிப்பேட்டை எடுங்கள். தலைப்பு. அடிக்கோடு" என்றான் ஞானம். அவன் நடத்தியது ஆங்கிலத்தில். நான் தமிழில் தருகிறேன்.

யாரிடமும் குறிப்பேடு இல்லை. அதிபர் தன் நோட்டில் ஏதோ எழுதினார். மற்றவர்களிடம் நோட்டு இல்லாதபோது ஒருவர் மட்டும் எழுதுவது நல்ல சகுனம் இல்லை.

அவன் பாடம் ஒப்பிக்க ஆரம்பித்தான். முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள். "கேள்விகள் கடைசியில்" என்றான். அவள் கையை இறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை வலிக்க, மறு கையால் அதைத் தாங்கிக்கொண்டாள். இரண்டாம் பக்கம் போனது. மூன்றாம் பக்கம் போனது. ஒரு பையன் அடுத்தவன் காலில் பேனாவால் படம் வரைந்தான்.

அப்போதுதான் ஆலங்கட்டி மழை. தகரக் கூரையில் யாரோ லாரி லாரியாகச் சரளைக் கல் கொட்டியது போல ஒரு சத்தம். வகுப்பு மொத்தமும் எழுந்து ஜன்னலுக்கு ஓடியது. இரண்டு பேர் வெறுங்காலோடு வெளியே போய் ஆலங்கட்டியைக் கைநிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். யாழ்ப்பாணமாக இருந்தால் ஞானம் ஓர் இருமல் இருமியிருப்பான், போதும். இங்கே இருமினான். கூரைச் சத்தத்தில் அவனுக்கே கேட்டிருக்காது.

குறிப்புகளை மேசைமேல் வைத்துவிட்டு அவன் என் பக்கம் திரும்பினான். நான் அதற்குள் நாற்காலியோடு நகர்ந்து சுவரோரத்து ஹீட்டரை ஒட்டிவிட்டிருந்தேன். தலையில் குல்லா, இரண்டு கம்பளிச் சட்டை, அதன் மேல் ரஞ்சியின் சால்வை, கைகள் இரண்டும் அக்குளுக்குள். அவன் முகத்தில் விடுதிக் காலத்து ஞானம் ஒரு நொடி வந்து போனான். எனக்கு நல்லது எதுவும் நடக்கப் போவதில்லை என்று புரிந்தது.

சத்தம் குறைந்ததும், "இப்படி வாருங்கள்" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டான். "அதோ ஒரு பிராணி இருக்கிறது. மிகவும் வெப்பமான தேசத்திலிருந்து போன வாரம் வந்தது. குளிரைச் சமாளிக்க அது என்னென்ன செய்திருக்கிறது? பார்த்துச் சொல்லுங்கள். தொட வேண்டாம்."

முப்பது பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"நாலு தோல் போட்டிருக்கிறது."

"தலையில் முடி போதாது. அதனால் செம்மறியாட்டின் முடியைப் போட்டிருக்கிறது."

"அசையவே இல்லை. சக்தியை மிச்சம் பிடிக்கிறது."

"முன்னே அங்கே இருந்தது. சூடு இருக்கிற இடத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டது."

"எவ்வளவு தூரம்?" என்றான் ஞானம்.

"நாலடி."

அதிபர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"சரி, டைனோசருக்கு ஹீட்டர் இல்லை. மாதக்கணக்கில் சூரியனும் இல்லை. அப்போது?" என்று ஞானம் சுண்ணக்கட்டியை எடுத்தான். பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதினான். தூரமாக நடந்து போவது. இருந்த இடத்திலேயே இருப்பது. ஒன்றோடொன்று நெருங்கிப் படுப்பது. கடும் வெயிலுக்கு என்ன செய்யும் என்று ஒருவன் கேட்டான். "அதை அந்தப் பிராணியிடமே கேள்" என்றான். மே மாத மதியத்தில் சிமெண்டுத் தரையில் ஈரத் துண்டோடு படுத்துக்கொண்டு, சாயங்காலம்வரை யாரோடும் பேசமாட்டேன் என்று வாக்குமூலம் கொடுத்தேன். நிழல், சேறு, தண்ணீர், அசையாமை என்று பலகை நிறைந்தது.

"நிஜமாகவே டைனோசர்கள் இப்படிச் செய்தனவா?" என்றான் சீனப் பையன்.

"தெரியாது. செய்திருக்கலாம்" என்றான் ஞானம்.

பின்னல்காரி இன்னும் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்துத் தலையசைத்தான்.

"சூரியன் இல்லாத மாதங்களில் நடந்து போய்விட்டன என்றால், குட்டிகளும் கிழங்களும் அவ்வளவு தூரம் நடக்காதே. நடக்க முடியாததுகள் என்ன செய்தன?"

ஞானம் பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு மூலையை அழித்தான். அவனுடைய அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறார்கள். வரமாட்டோம் என்று சொன்னவர்கள் அல்ல. அப்பாவுக்கு முழங்கால் மடங்காது. அம்மா அவரை விட்டு வரமாட்டாள்.

"இருந்திருக்கும்" என்றான். "பக்கத்து ஆஸ்திரேலியாவில் ஒரு சின்ன டைனோசரின் எலும்பு கிடைத்திருக்கிறதாம், நேற்றுத்தான் பழைய பேப்பர் ஒன்றில் பார்த்தேன். கண் குழி பெரிதாம். இருட்டில் பார்க்கிற கண்ணாக இருக்கலாம் என்கிறார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்து, கிடைத்ததைத் தின்றுகொண்டு, வெளிச்சம் வரும்வரை இருந்திருக்கும்."

"எல்லாமா?"

"அது எனக்குத் தெரியாது. நீ கண்டுபிடித்தால் எனக்கு எழுது."

மணி அடித்தது. அதிபர் கைகுலுக்கி, தகவல் சொல்கிறோம் என்றார். இந்த வாக்கியம் உலகம் முழுவதும் ஒரே மொழிதான்.

காரில் ஏறியதும் ஞானம் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். "பதினேழு வருசத்திலை வகுப்புக்குள்ளை நிண்டு தெரியாது எண்டு சொன்னது இண்டைக்குத்தான் மச்சான்."

"எத்தனை தடவை சொன்னே?"

"ஆறு. நீ எண்ணேல்லையோ?"

"நான்தான் காட்சிப் பொருளாச்சே."

"எங்கடை ஊரிலை எண்டா அதிபர் பாதியிலையே எழும்பிப் போயிருப்பார். தெரியாதவனை வாத்தியாரா வைச்சு என்ன செய்யிறது?"

எனக்கும் அதே கருத்துதான். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து ரஞ்சியின் முகத்தைப் பார்க்காமல் தேநீர் குடித்தோம். செவ்வாய் அவன் வெங்காயத்துக்குப் போனான். புதனும் போனான்.

புதன் மாலை டெலிபோன் அடித்தது. துளசி ஓடிப்போய் எடுத்தாள். "யெஸ்", "யெஸ்", "ஓகே" என்று மூன்று சொல் சொல்லி வைத்துவிட்டுத் தொலைக்காட்சிக்குத் திரும்பினாள்.

"ஆர் பிள்ளை?" என்றாள் ரஞ்சி அடுப்படியிலிருந்து.

துளசி ஆங்கிலத்தில் சொன்னாள்: "அப்பாவின் பள்ளிக்கூடம். மூன்றாம் தவணைக்கு வரச் சொல்கிறார்கள். பிள்ளைகள் இவ்வளவு பேசி அதிபர் பார்த்ததில்லையாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பிராணி இன்னும் ஊரில் இருக்கிறதா என்றும் கேட்டார்" என்றாள்.

ரஞ்சி அகப்பையோடு அப்படியே நின்றாள். அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கிற வாசனை வந்தது.

ஆறு மணிக்கு ஞானம் வந்தான். தலைமுடியில் வெங்காயச் சருகு. ரஞ்சி மகளை முன்னால் தள்ளினாள். துளசி விஷயத்தை ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். அவன் ஷூவைக் கழற்றாமல் நின்றான்.

"திருப்பிச் சொல்லு" என்றான்.

சொன்னாள்.

"தமிழிலை சொல்லு."

துளசி கூரையைப் பார்த்தாள். சொற்களைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்பா, நீங்கள் இனி வெங்காயம் இல்லை" என்றாள்.

"ஓம்" என்றான் அவன். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வழக்கத்தைவிட நெடுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தான்.

வியாழன் விமான நிலையத்தில் ஞானம் என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், அந்தக் குல்லாவை விட்டிட்டுப் போ."

"எனக்குக் குளிருமேடா."

"நீ மட்ராஸுக்குத்தானே போறாய். எனக்குப் பாடத்துக்கு வேணும்."

கழற்றிக் கொடுத்தேன். விமானம் ஏறியதும் நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திருத்தி எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். 'குளிர் வந்தது' என்பது வரை சரியாக வந்தது. அதற்குமேல் விமானத்தின் குளிரில் விரல் ஓடவில்லை. பணிப்பெண் கொடுத்த போர்வை கால்வரை வந்தால் காதுக்கு வரவில்லை. பக்கத்து இருக்கையில் தொங்கா என்ற பசிபிக் தீவு நாட்டுக்காரர் ஒருவர், இரண்டு ஆள் அகலம், அடுப்பு மாதிரி கதகதப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பேனாவை மூடினேன். அவர் விழித்துவிடாதபடி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஞானத்தின் வகுப்புப் பலகையில் மூன்றாவதாக எழுதியிருந்ததைச் செய்தேன்: நெருங்கிப் படுத்துக்கொண்டேன்.